தோனோவில் பார்க்க என்ன இருக்கிறது?

அக்டோபரில் வேலை விஷயமாக டோக்கியோ போகிறீர்கள், நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கிறது. வடக்கே தோனோ என்று ஓர் ஊர், ஊர் முழுக்கப் பேய்க்கதையும் நீர்ப்பூதமும்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகலாமா, ஒரு நாள் போதுமா, ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: "இதெல்லாம் உண்மையிலேயே அந்த ஊர்க் கதைகளா, இல்லை சுற்றுலாவுக்காகக் கட்டிவிட்டதா?" உங்கள் முக்கியமான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். கோயிலூருக்குப் போனால் கோயிலைப் பார்க்கலாம். கதைக்குப் பேர்போன ஊருக்குப் போனால் எதைப் பார்ப்பது? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் ரயில் டிக்கெட் விவகாரம்தான். நான் ஜப்பானிய இலக்கியம் படித்தவன், மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. செண்டாயில் பல வருடங்கள் இருந்தபோது ஊரிலிருந்து வரும் நண்பர்களைத் தோனோவுக்குக் கூட்டிப்போவது வழக்கமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். புத்தகத்தைப் படித்துவிட்டுப் போனால் தோனோ மறக்க முடியாத ஊர். படிக்காமல் போனால் வயல், மலை, ஓர் ஓடை, நாலைந்து ஓலைக்கூரை வீடு, அவ்வளவுதான். ஜப்பானில் அதைவிட அழகான கிராமங்கள் எத்தனையோ உண்டு. "என்னய்யா இது, வெறும் வயக்காடு" என்று என்னோடு வந்தவர்களில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் அதே வயக்காட்டைப் பார்த்து நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் அந்த ஒரு சின்னப் புத்தகம்தான்.

தோனோ, ஹொன்ஷூ தீவின் வடகிழக்கில், இவாதே மாகாணத்தில் இருக்கிறது. கிதகாமி மலைத்தொடருக்கு நடுவே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளத்தாக்கு. வடக்கே ஹயாச்சினே மலை, 1,917 மீட்டர். இன்று சுமார் 25,000 பேர் வாழும் ஊர். வெளியுலகமே தெரியாமல் மலைக்குள் முடங்கிக் கிடந்ததால்தான் இங்கே இத்தனை கதைகள் தங்கிவிட்டன என்று பலரும் எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இது நன்பு குலத்துச் சிற்றரசர்களின் கோட்டை ஊர், பெரிய சந்தை கூடிய ஊர். கடற்கரையிலிருந்து மீனும் உப்பும், உள்நாட்டிலிருந்து நெல்லும் துணியும் குதிரை முதுகில் ஏறி வந்து இங்கேதான் கை மாறின. சந்தை நாளில் ஆயிரம் குதிரை, ஆயிரம் ஆள் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. குதிரை ஓட்டிகள் ராத்திரி தங்குகிற ஊரில் கதை சேராமல் என்ன செய்யும்? கடலோரத்துக் கதைகளும் மலையூர்க் கதைகளும் இங்கே வந்து கலந்தன. தோனோக் கதைகளில் கடலும் சுனாமியும் வருவதற்குக் காரணம் இதுதான்.

அந்தப் புத்தகத்தின் பெயர் 'தோனோ மொனொகதாரி', அதாவது தோனோ கதைகள். எழுதியவர் யானகிதா குனியோ. அவர் தோனோக்காரர் இல்லை. டோக்கியோவில் அரசாங்க அதிகாரி, விவசாயத் துறையில் இருந்தவர், நிறையப் படித்தவர். 1908 கடைசியில் சசாகி கிசென் என்ற இளைஞரைச் சந்திக்கிறார். தோனோ பக்கத்து யமகுச்சி என்ற சின்னக் கிராமத்திலிருந்து படிக்க வந்தவர், எழுத்தாளராகும் கனவு உள்ளவர். அவர் தன் பாட்டி, தாத்தா, அக்கம்பக்கத்தார் சொன்னதையெல்லாம் சொல்லச் சொல்ல, யானகிதா குறித்துக்கொண்டார். 1909 ஆகஸ்டில் தானே ஒரு தடவை தோனோவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1910இல் புத்தகம் வந்தது. 119 கதைகள். சில கதைகள் மூன்று வரி, நீளமானது ஒரு பக்கம், இரண்டு பக்கம். அச்சடித்தது 350 பிரதிகள்தான். ஜப்பானில் நாட்டார் வழக்காற்றியல் என்ற படிப்பே இங்கிருந்துதான் தொடங்கியது என்று இன்று சொல்கிறார்கள். முதல் பக்கத்தில் அவர் எழுதியிருக்கும் சமர்ப்பணம் வேடிக்கையானது: "இந்த நூலை வெளிநாடுகளில் இருக்கும் மக்களுக்கு அளிக்கிறேன்." ஆக, நீங்களும் நானும் அதைப் படிப்பதில் தவறே இல்லை. ரொனால்ட் மோர்ஸ் 1975இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. விமானத்தில் போகும்போதே படித்து முடித்துவிடலாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது எது? கதைகளில் வரும் ஊர்ப்பெயர்களும் ஓடைகளும் மலைகளும் அநேகமாக நிஜம். ஆட்கள் பலர் நிஜமாக வாழ்ந்தவர்கள், வீட்டுப்பெயரோடு வருகிறார்கள். "ஒரு ஊர்ல ஒரு ராஜா" வகைக் கதைகளைப் புத்தகத்தில் தேடினால் மிகக் குறைவு. "இன்னார் வீட்டில், இன்னாருடைய அப்பா காலத்தில் நடந்தது" என்ற மாதிரிதான் அநேகம். சந்தேகப்பட வேண்டியது எது? நடை. சசாகி பேசியது தோனோ வட்டார வழக்கு. யானகிதா எழுதியது செறிவான பழைய இலக்கிய நடை. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், உணர்ந்தபடி எழுதினேன் என்று முன்னுரையில் சொல்கிறார். அந்த "உணர்ந்தபடி" என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எதை வெட்டினார், எதை முன்னே தள்ளினார் என்று ஆய்வாளர்கள் நூறு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். ஒரு கதையில் சமுதோ என்ற இடத்தில் ஒரு பெண் பேரிமரத்தடியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறாள். முப்பது வருடம் கழித்து, காற்று பலமாக அடித்த ஒரு நாளில், கிழவியாக வந்து எல்லோரையும் பார்த்துவிட்டு மறுபடி போய்விடுகிறாள். தோனோவில் சமுதோ என்று ஓர் இடமே கிடையாது. நொபொதோ என்ற இடம் இருக்கிறது, அதுதான் இப்படி மாறியிருக்க வேண்டும் என்கிறார்கள். கதை ஊருடையது, எழுத்து யானகிதாவுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த மாதிரிக் கதைகள் என்று தெரிய ஒன்றிரண்டைச் சொல்லியாக வேண்டும். சசாகியின் கொள்ளுப்பாட்டி இறந்துபோகிறாள். பெட்டியில் வைத்தாயிற்று, உறவுக்காரர்கள் கூடத்தில் படுத்திருக்கிறார்கள். துக்கவீட்டில் அடுப்பு அணையக்கூடாது என்பது வழக்கம். அதனால் பாட்டியும் அம்மாவும் மட்டும் அடுப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக விழித்துக்கொண்டு, பக்கத்தில் கரிக்கூடையை வைத்துக்கொண்டு அவ்வப்போது கரி போடுகிறார்கள். பின்வாசல் பக்கம் காலடிச் சத்தம். பார்த்தால் செத்துப்போன கிழவி. கூன் விழுந்தவள் என்பதால் கிமோனோவின் நுனி தரையில் இழுபடும், அதை முக்கோணமாக மடித்து முன்பக்கம் தைத்து வைத்திருப்பார்கள். அது அப்படியே இருக்கிறது, துணியின் கோடுகூட அதே கோடு. இரண்டு பெண்களையும் கடந்து போகும்போது அந்த நுனி கரிக்கூடையில் பட்டது. கூடை வட்டமானது, அதனால் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா தைரியசாலி, எங்கே போகிறாள் என்று திரும்பிப் பார்த்தாள். உறவினர்கள் தூங்கும் கூடத்தை நோக்கிப் போகிறாள் என்று தோன்றிய நேரத்தில், உள்ளே படுத்திருந்த, இறந்தவளின் மனநிலை சரியில்லாத மகள், "பாட்டி வந்துட்டா" என்று கத்தினாள். கதை அவ்வளவுதான். பேய் எதற்கு வந்தது, பிறகு என்ன ஆயிற்று, ஒன்றும் கிடையாது. அந்தக் கரிக்கூடை சுற்றியதுதான் என்னை இன்றைக்கும் தொந்தரவு செய்கிறது. பேய் வந்தது பிரமை என்று தள்ளிவிடலாம், கூடை சுற்றியதை எப்படித் தள்ளுவது?

இன்னொன்று, ஜாஷிகி வராஷி. வீட்டின் கூடத்தில் குடியிருக்கும் குழந்தை உருவம். அது இருக்கும்வரை வீட்டில் செல்வம் இருக்கும், போய்விட்டால் வீடு அழியும். யமகுச்சியில் மகொசாஎமோன் என்ற பணக்காரர் வீட்டில் இப்படி இரண்டு பெண்குழந்தைகள் இருந்ததாகப் பேச்சு. ஒரு நாள் ஊர்க்காரர் ஒருவர் பாலத்தருகே முன்பின் தெரியாத இரண்டு அழகான சிறுமிகளைப் பார்க்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றால் மகொசாஎமோன் வீட்டிலிருந்து என்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்றால் தூரத்து ஊரில் இன்னொரு வீட்டின் பெயரைச் சொல்கிறார்கள். சரி, மகொசாஎமோன் கதை முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டாராம். கொஞ்ச காலத்தில் வீட்டுப் பேரிமரத்தைச் சுற்றிப் புதுவகைக் காளான் நிறைய முளைத்தது. சாப்பிடலாமா வேண்டாமா என்று பேச்சு. எந்தக் காளானாக இருந்தாலும் தண்ணீர்த் தொட்டியில் போட்டுச் சணல் தண்டால் நன்றாகக் கிளறிவிட்டால் விஷம் போய்விடும் என்று வேலையாள் ஒருவன் சொல்ல, எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரே நாளில் வீட்டில் இருந்த இருபது சொச்சம் பேரும் செத்தார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் விளையாட்டு மும்முரத்தில் சாப்பிட வர மறந்ததால் பிழைத்தாள். அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம்: உறவு என்று சொல்லிக்கொண்டு தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து, உயிரோடு இருந்தபோது தருவதாகச் சொன்னார் என்று வீட்டுச் சாமானையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள், மிசோ என்ற சோயா விழுது வரைக்கும். அந்தப் பெண் வயதாகி, பிள்ளையில்லாமல், சமீபத்தில்தான் நோயில் இறந்தாள் என்று கதை முடிகிறது. தெய்வக் குழந்தைகளை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மிசோவைத் தூக்கிக்கொண்டு போன உறவுக்காரர்களை நம்பாமல் இருக்க முடியாது.

இனி கப்பா என்ற நீர்ப்பூதம். எல்லோரும் தோனோவுக்குப் போவது இதற்காகத்தான். தலையில் தண்ணீர் நிற்கும் கிண்ணம், கைகால் விரல்களுக்கிடையே சவ்வு, ஆற்றில் வாழும், குதிரையையும் குழந்தையையும் இழுக்கும், வெள்ளரிக்காய் என்றால் உயிர். ஜோகென்ஜி என்ற ஜென் கோயிலின் பின்னால் மரநிழலில் ஒரு சின்ன ஓடை ஓடுகிறது. அதுதான் கப்பாபுச்சி, கப்பா மடு. மூங்கில் கழியில் வெள்ளரிக்காயைக் கட்டித் தூண்டில் போட்டு வைத்திருப்பார்கள். சில நூறு யென் கொடுத்தால் சுற்றுலா அலுவலகத்தில் கப்பா பிடிக்க அனுமதி அட்டை தருவார்கள். உயிரோடு, காயமில்லாமல் பிடிக்க வேண்டும், தலையில் இருக்கும் தண்ணீர் சிந்தக்கூடாது, உலோகக் கருவி கூடாது என்று பின்பக்கம் நிபந்தனைகள் வேறு. இது பச்சையான சுற்றுலா விளையாட்டு, அதை யாரும் மறைப்பதும் இல்லை. ஸ்டேஷனுக்கு எதிரே கப்பாச் சிலைகள், போலீஸ் சாவடிகூட கப்பா முகத்தோடு. ஆனால் அந்த ஓடைக்கரையில் ஒரு சிறு சன்னதி இருக்கிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று பெண்கள் துணியில் மார்பு வடிவம் தைத்து வைப்பார்கள். அனுமதி அட்டையைவிட அதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். கோயிலில் இருக்கும் காவல் நாய்ச் சிலைகளின் உச்சந்தலையும் கப்பா மாதிரி குழிந்திருக்கும். கோயில் தீப்பிடித்தபோது கப்பா வந்து தலைத்தண்ணீரால் அணைத்ததாகச் சொல்வது வழக்கம்.

புத்தகத்தில் வரும் கப்பா இந்த பொம்மைக் கப்பா இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வேறு ஊர்க் கப்பா பச்சை, தோனோக் கப்பாவின் முகம் சிவப்பு என்று அதில் இருக்கிறது. ஒரு கதையில், ஆற்றோர வீடு ஒன்றில் இரண்டு தலைமுறையாகப் பெண்கள் கப்பாவின் பிள்ளையைப் பெறுகிறார்கள். பிறந்த குழந்தையைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்ன மரப்பீப்பாய்களில் போட்டுப் புதைக்கிறார்கள். இன்னொன்றில் அப்படிப் பிறந்த குழந்தையை ஊர் முச்சந்தியில் விட்டுவிட்டு வந்த ஒருவன், காட்சிக்கு வைத்தால் காசு பார்க்கலாமே என்று திரும்பிப் போகிறான், அதற்குள் குழந்தை அங்கே இல்லை. பஞ்ச காலத்தில் வளர்க்க முடியாத குழந்தைகளையும் ஊனத்தோடு பிறந்த குழந்தைகளையும் கொன்றதைத்தான் இப்படிப் பேசினார்கள் என்று பலர் விளக்குகிறார்கள். அது ஊகம்தான், ஆதாரம் என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் இந்த மலைப்பக்கத்துப் பஞ்சங்கள் நிஜம். ஊருக்குள்ளேயே கொஹ்யாகு ரகான் என்ற இடம் இருக்கிறது, காட்டுக்குள் சிதறிக்கிடக்கும் பாறைகளில் புத்தரின் ஐந்நூறு சீடர் உருவங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பட்டினியால் செத்தவர்களுக்காக கிசான் என்ற துறவி செதுக்கியது. பாசி மூடிக் கிடப்பதால் பல முகங்கள் முதலில் தெரியாது, கண் பழகியதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். மழைநாளில் வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பா மடுவிலிருந்து நடக்கிற தூரத்தில் தென்ஷோஎன் என்ற பழைய வீட்டு வளாகம். அங்கே ஒஷிராசமா அறையைப் பார்க்காமல் வராதீர்கள். ஒஷிராசமா என்பது முசுக்கொட்டைக் கட்டையில் ஒரு அடி நீளத்துக்குச் செதுக்கிய ஜோடித் தெய்வம். ஒன்று குதிரைத் தலை, இன்னொன்று பெண் முகம். குடியானவர் மகள் ஒருத்தி வீட்டுக் குதிரையைக் காதலித்து அதையே கணவனாகக் கொண்டாள். அப்பன் குதிரையை முசுக்கொட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றான். அவள் குதிரையின் தலையைக் கட்டிப்பிடித்து அழ, அப்பன் கோடரியால் தலையை வெட்ட, தலையோடு சேர்ந்து அவளும் வானத்துக்குப் போய்விட்டாள். பட்டுப்புழு வளர்ப்புக்கும் விவசாயத்துக்கும் இந்தத் தெய்வம் காவல். வருடத்துக்கு ஒருமுறை புதுத்துணி போர்த்துவார்கள், பழையதைக் கழற்ற மாட்டார்கள், அதனால் பழைய ஒஷிராசமாக்கள் துணிமூட்டை மாதிரி தடித்திருக்கும். தென்ஷோஎன்னில் சுவரெல்லாம் ஆயிரம் ஒஷிராசமா, பார்வையாளர்கள் வேண்டுதலை எழுதிய கலர்த்துணிகளோடு. பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் அது வருபவர்களுக்காக அமைத்தது. நிஜமான பழையவை நகர அருங்காட்சியகத்தில் சில, மீதி வீடுகளுக்குள். வீட்டில் இருப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்கக்கூடாது. இந்தக் கதை விபரீதமாகத் தோன்றினால், அதே வளாகத்தில் இருக்கும் வீட்டமைப்பைக் கவனியுங்கள். மகரியா என்பார்கள், முழங்கை மாதிரி மடங்கிய வீடு. ஒரு கையில் மனிதர்கள், மறு கையில் லாயம், மேலே ஒரே கூரை. குளிர்காலம் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தால் குதிரையின் முகம் தெரியும். அந்த வீட்டுக்குள் ஒருமுறை நின்றுவிட்டால் கதை எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் யமகுச்சி. எனக்குத் தோனோ என்றால் இதுதான். பெரும்பாலோர் கப்பா மடுவோடு திரும்பிவிடுவார்கள். சசாகி பிறந்த வீடு, ஓலைக்கூரை போட்ட ஒரு நீர்ச்சக்கர ஆலை, மகொசாஎமோன் வீடு இருந்ததாகச் சொல்லும் நிலம், எல்லாம் இந்த ஒரே கிராமத்தில். ஒரு பக்கம் தன்னோஹானா என்ற குன்று, இப்போது இடுகாடு, சசாகியின் கல்லறையும் அங்கேதான். அதற்கு எதிரே மேட்டில் தென்தேரானோ. அறுபது வயது தாண்டியவர்களையெல்லாம் இந்த மேட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருந்தது என்கிறது புத்தகம். இந்தக் கதையின் விசேஷம், கிழவர்களைத் தொலைதூர மலையில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வருவதில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் சொந்த வீடும் வயலும் தெரியும். சும்மா செத்துப்போகவும் முடியாது என்பதால், பகலில் இறங்கிவந்து வயலில் வேலை செய்து, கூலியாகக் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் மேட்டுக்குத் திரும்புவார்களாம். காலையில் வேலைக்குப் போவதற்கும் மாலையில் திரும்புவதற்கும் அங்கே தனிச்சொற்களே உண்டு என்று புத்தகம் குறித்து வைத்திருக்கிறது. இப்படி ஒரு வழக்கம் நிஜமாகவே இருந்ததா? முதியோரைத் தள்ளிவிடும் கதை ஜப்பானில் பல ஊர்களில் உண்டு, எங்கும் வரலாற்றுச் சான்று உறுதியாக இல்லை. இன்று அங்கே நிற்கும் வைக்கோல் குடிசையும் பிற்காலத்தில் மாதிரிக்குக் கட்டியதுதான். குடிசையை விடுங்கள். மேட்டு ஓரத்தில் நின்று கீழே பாருங்கள், எதிரே இடுகாட்டுக் குன்று, நடுவே வயல். இறந்தவர்கள் அந்தப் பக்கம், சாகக் காத்திருப்பவர்கள் இந்தப் பக்கம், நடுவில் உயிருள்ளவர்கள் நெல் அறுக்கிறார்கள். கிராமத்தை யாரோ கணக்குப் போட்டு அமைத்த மாதிரி இருக்கும். அக்டோபர் முதல் பாதி என்றால் அறுவடையும் கண்ணில் படலாம்.

நேரமிருந்தால் ஊருக்குப் பக்கத்தில் உனெதொரி சன்னதி. சிவப்புத் துணியை இடது கையால் மட்டும் முடிச்சுப் போட்டுவிட்டால் விரும்பியவரோடு கல்யாணம் நடக்குமாம். கல்யாணமானவர்கள் கடந்து போய்விடலாம். த்ஸுஸுகி-இஷி என்ற ராட்சதப் பாறை தூரம், கார் இல்லாமல் கஷ்டம்.

தோனோக் கதைகளில் கடலும் சுனாமியும் வரும் என்றேனே, அதில் ஒன்றைச் சொல்கிறேன். 1896 ஜூன் 15 அன்று சன்ரிகு கடற்கரையைத் தாக்கிய சுனாமியில் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். தோனோப் பக்கத்திலிருந்து கடலோரக் கிராமத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போன ஃபுகுஜி என்பவர் மனைவியையும் ஒரு பகுதி பிள்ளைகளையும் அதில் இழந்தார். எஞ்சிய இரண்டு பிள்ளைகளோடு பழைய மனையில் குடிசை போட்டு ஒரு வருடம். ஒரு நிலாக்கால இரவில், மூடுபனிக்குள், கரையோரமாக ஆணும் பெண்ணுமாக இருவர் நடந்து வருவதைப் பார்க்கிறார். பெண் இறந்துபோன மனைவி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிச் சிரிக்கிறாள். கூட இருப்பவன் அதே கிராமத்தான், அதே சுனாமியில் செத்தவன், கல்யாணத்துக்கு முன் அவளோடு நேசமாக இருந்ததாக ஊரார் பேசியவன். "இப்போது இவரோடுதான் குடும்பம் நடத்துகிறேன்" என்கிறாள். "பிள்ளைகள் மேல் உனக்குப் பாசம் இல்லையா?" என்று கேட்டதும் அவள் முகம் லேசாக மாறி அழுகிறாள். பிறகு இருவரும் மலை வளைவில் மறைந்துவிடுகிறார்கள். இவர் விடியும்வரை வழியிலேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார், பிறகு வெகுநாள் நோயில் விழுகிறார். 2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இந்தக் கதையை நிறையப் பேர் மறுபடி எடுத்துப் படித்தார்கள். அப்போது கடலோர ஊர்களுக்குப் பின்னால் நின்று மீட்புப்படைக்கும் தொண்டர்களுக்கும் நிவாரணப் பொருளுக்கும் தளமாக இருந்ததும் தோனோதான். குதிரைகள் போன அதே வழியில் லாரிகள் போயின. உங்களுக்கு மூன்றாவது நாள் கிடைத்தால் ரயிலில் கமாஇஷி வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொழி. ஊருக்குள் 'தோனோ மொனொகதாரி நோ யகாதா' என்ற வளாகத்தில் கதைசொல்லிகள் நேரில் கதை சொல்வார்கள். யானகிதா தங்கிய சத்திரமும், டோக்கியோவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த அவருடைய வீடும் அங்கேதான் இருக்கின்றன. கதைசொல்லிகள் அநேகமாக வயதானவர்கள், சுத்தத் தோனோ வழக்கு. டோக்கியோக்காரர்களே பாதிதான் புரிகிறது என்பார்கள், எனக்கும் முழுசாகப் புரியாது. "முகாஷி அத்தஸு மொனா" என்று தொடங்கி "தொந்தோ ஹரே" என்று முடிப்பார்கள். கப்பா, ஒஷிராசமா, ஜாஷிகி வராஷி மூன்று கதைகளையும் முன்கூட்டியே படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் எந்தக் கதை ஓடுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குமேல் குரலைக் கேட்டால் போதும். கதை சொல்லும் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், போய் இறங்கியதும் ஸ்டேஷன் பக்கத்துச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டோக்கியோவிலிருந்து தோஹோகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகி ஸ்டேஷனுக்குச் சுமார் மூன்று மணி நேரம். எல்லா வேக ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். அங்கிருந்து கமாஇஷி பாதையில் தோனோவுக்கு ஒரு மணி நேரத்துக்குள். இந்தப் பாதையில் ஸ்டேஷன்களுக்கு எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியில் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள், தோனோவுக்கு 'ஃபோல்க்லோரோ', அதாவது நாட்டார் வழக்கு. ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் ஒரு நாளில் போய்த் திரும்பும் யோசனை வேண்டாம் என்கிறேன். முதல் நாள் மத்தியானம் இறங்கி ஊருக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தங்குங்கள். மறுநாள் காலையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, நேராக யமகுச்சி போய்விட்டு, திரும்பும் வழியில் கப்பா மடுவும் தென்ஷோஎன்னும் பாருங்கள். கப்பா மடுவுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரும் நேரத்துக்கு நீங்கள் யமகுச்சியில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பாதை அநேகமாகச் சமதரை, உள்ளே போகப்போக லேசான ஏற்றம். அக்டோபரில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும், காலையிலும் மாலையிலும் நல்ல குளிர். கரடி பற்றியும் சொல்லவேண்டும், இது கதையில் வரும் கரடி இல்லை. இவாதேயில் இலையுதிர்காலத்தில் கரடிகள் ஊர் ஓரம்வரை இறங்குகின்றன, ஆட்கள் காயப்படுவதும் நடக்கிறது. கொஹ்யாகு ரகான் மாதிரிக் காட்டுப்பகுதிக்கு அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் தனியாகப் போகவேண்டாம், அன்றைக்குக் கரடி நடமாட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், சின்ன மணி ஒன்றைப் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

சைவம் என்பதுதான் நிஜமான சிக்கல். ஊரின் பெருமைக்குரிய சாப்பாடே செம்மறி இறைச்சியை வாட்டும் ஜிங்கிஸ்கான். இதில் ஒரு வேடிக்கை, ஒஷிராசமா வைத்துக் கும்பிடும் வீடுகளில் நாலுகால் பிராணியின் இறைச்சி ஆகாது, சாப்பிட்டால் வாய் கோணிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஹித்ஸுமி என்று கோதுமை மாவைப் பிய்த்துப்போட்ட சூப் ஒன்று இருக்கிறது, பார்க்கச் சைவம் மாதிரி இருந்தாலும் கோழியோ மீன்சாறோ இல்லாமல் வராது. காய்கறி மட்டும் என்று சொன்னாலும் மீன்சாற்றில் வேகவைத்துத்தான் கொண்டுவருவார்கள், அவர்களைப் பொறுத்தவரை அது மீன் கணக்கில்லை. தங்கும் விடுதிக்கு முன்பதிவின்போதே, மீன்சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிவிடுங்கள். கீழே பதிலில் கேட்டால் அந்த இரண்டு வரியை நானே எழுதித் தருகிறேன். வழிக்கு ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்று உருண்டை, பழம், கொட்டை எல்லாம் ஷின்-ஹனமாகி வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யமகுச்சிப் பக்கம் கடையே கிடையாது. குடிப்பவர் என்றால் தோபுரொகு என்ற வடிகட்டாத அரிசிக் கள் உண்டு, அதைப் பண்ணைவீடுகளிலேயே காய்ச்ச நாட்டில் முதலில் அனுமதி பெற்ற இடங்களில் இதுவும் ஒன்று. சின்னக் கடைகளில் கார்டு எடுக்காது, ரொக்கம் கையில் இருக்கட்டும்.